சின்ன விமானத்துல குடும்பத்தோட ஊர் போய் வர்றது கட்டுப்படியாகுமா?

மே 4, காலை

ஒரு நண்பர் கேட்டிருந்தது: “சான் ஹோசேல இருக்கேன். தம்பி குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ்ல. கார்ல போனா ஆறு மணி நேரம். ஏர்லைன்ஸ்ல போனா செக்யூரிட்டி வரிசை. பைலட் லைசென்ஸ் வாங்கி, செஸ்னா வாடகைக்கு எடுத்துப் போனா ரெண்டையும் ஜெயிச்சிடலாம் இல்லையா? பறக்கிறவங்க யாராவது சொல்லுங்க.”

பறக்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஜெயிக்க முடியாது. வேற சில ஊருக்கு முடியும், அதைத் தனியா எழுதுறேன்.

மே 4, மதியம்

கணக்கு கேட்டிருக்கீங்க. இந்தாங்க.

சான் ஹோசே கிழக்குப் பக்கம் இருக்கிற ரீட்-ஹில்வியூ நிலையத்துல இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ்ல சின்ன விமானங்கள் இறங்குற வேன் நைஸ் நிலையம் கிட்டத்தட்ட 250 கடல் மைல். எந்த ஃப்ளையிங் கிளப்லயும் வாடகைக்குக் கிடைக்கிற நாலு சீட் செஸ்னா 172 115, 120 நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல், போகும். தரையில உருள்றது, ஏறுறது, இறங்குறது எல்லாம் சேர்த்து வாடகை மீட்டர் ரெண்டரை மணி நேரம் காட்டும். திரும்பும்போது வடமேற்குக் காத்து எதிர்ல வரும், மூணு மணி நேரம்னு வச்சுக்கங்க. எங்க கிளப்ல பெட்ரோலோட சேர்த்து மணிக்கு 200 டாலர் பக்கம். ஆக மொத்தம் 1,100.

கார்ல போக வர 680 மைல். பெட்ரோல் 120 டாலருக்குள்ள முடியும். ஏர்லைன்ஸ்ல முன்னாடியே எடுத்தா ஆளுக்கு 150ல இருந்து 200.

சரி, நேரமாவது மிச்சமாகுதா? வீட்டுல இருந்து நிலையத்துக்கு 25 நிமிஷம். ரெக்கைக்கு அடியில வால்வைத் திறந்து பெட்ரோலைக் குப்பியில பிடிச்சு, தண்ணி கலந்திருக்கான்னு பார்த்து, ஆயில் பார்த்து, பிள்ளைங்களை பெல்ட் போட்டு உட்கார வச்சு எஞ்சினைக் கிளப்ப முக்கால் மணி. பறக்க ரெண்டரை. இறங்கின இடத்துல கயிறு போட்டுக் கட்டி, வாடகைக் கார் சாவி கைக்கு வர அரை மணிக்கு மேல. நாலு மணி நேரம் தாண்டிடும். ஏர்லைன்ஸும் வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசல் அதே நாலு மணிதான்.

மே 4, இரவு

“நாலு பேர்னா ஏர்லைன்ஸே 800 ஆகுதே, 1,100 ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லையே” – நல்ல கேள்வி. ஆனா நாலு சீட் இருந்தா நாலு பேரை ஏத்தலாம்னு அர்த்தம் இல்லை.

172ல ஆள், மூட்டை, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஏத்தக்கூடியது சுமார் 880 பவுண்டு. டேங்க் நிறைய போட்டா 53 காலன். காலனுக்கு 6 பவுண்டு, அதுவே 318. மிச்சம் 560. நானும் மனைவியும் ரெண்டு பிள்ளைங்களும் 450 கிட்ட வந்துடுறோம். மூட்டைக்கு நூறு பவுண்டு இருக்கு, சரி. நாலு பெரியவங்கன்னா பெட்ரோலைப் பாதியாக்கணும். பாதியாக்கினா நடுவுல ஒரு இடத்துல இறங்கி நிரப்பணும், அதுக்கு முக்கால் மணி நேரம் கொடுங்க. அப்ப ஏர்லைன்ஸ்கிட்ட தோத்தாச்சு.

திருநெல்வேலில இருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தாங்க. பறக்கணும்னு மாமாவுக்கு ஆசை. எடை தெரியாம நான் ஏத்த முடியாது, அத்தைகிட்ட எடை கேட்கிற தைரியமும் எனக்குக் கிடையாது. மனைவி எடை மெஷினை ஹாலுக்குக் கொண்டுவந்து, “அமெரிக்கா வந்து யாரு மெலிஞ்சிருக்கீங்க, பார்ப்போம்”னு விளையாட்டாக்கிட்டா. அத்தை கைப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே ஏறினாங்க. நான் ஒண்ணும் சொல்லலை, பையோட எடை எப்படியும் கணக்குல வரணும்.

மே 6

ஜெயிக்கிற இடத்தைச் சொல்றேன்னேன் இல்லையா. மெண்டசினோ கடற்கரை.

சான் ஹோசேல இருந்து கார்ல 200 மைலுக்குக் கொஞ்சம் மேல, ஆனா நாலு மணி நேரத்துக்குக் குறையாது. கடைசி ஒன்றரை மணி நேரம் 128ஆம் நம்பர் ரோட்டு வளைவு. என் சின்னப் பொண்ணு அந்த வளைவுல வாந்தி எடுக்காத பயணம் இல்லை. பக்கத்துல ஏர்லைன்ஸ் வர்ற நிலையமும் கிடையாது. ஆனா லிட்டில் ரிவர்னு ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவுல ஒரு ஓடுபாதை இருக்கு. 150 கடல் மைல்தான், ஒண்ணேகால் மணி நேரத்துல இறங்கிடலாம். காலைல பத்து மணிக்குக் கிளம்பினா மதியச் சாப்பாடு கடலைப் பார்த்துக்கிட்டு.

இது மாதிரி இடத்துக்குத்தான் சின்ன விமானம். நூறுல இருந்து முந்நூறு மைலுக்குள்ள இருக்கணும், நடுவுல மலையோ தண்ணியோ வளைவோ இருக்கணும், ஏர்லைன்ஸ் எட்டிப் பார்க்காத ஊரா இருக்கணும். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கடல்ல இருக்கிற கேட்டலினா தீவும் முதல் பார்வைக்கு அப்படித்தான் தெரியும். 1,602 அடி உயரத்துல மலை உச்சியைச் சமப்படுத்தி ரன்வே போட்டிருக்காங்க. கார்ல போகவே வழியில்லாத இடம், ஆனா லாங் பீச்ல இருந்து படகு ஒரு மணி நேரத்துல கொண்டு விட்டுடும். நேரக் கணக்குல படகே போதும்.

மே 7

தனியா ஒருத்தர் எழுதிக் கேட்டார், இறங்கின இடத்துல எப்படி ஊருக்குள்ள போறீங்கன்னு. அவர் கேட்ட பிறகுதான், யாரும் கேட்காத முக்கியமான விஷயம் இதுன்னு தோணுச்சு.

அமெரிக்காவுல பொதுமக்கள் இறங்கக்கூடிய விமான நிலையம் ஐயாயிரம் சுத்தி இருக்கு. அதுல ஐந்நூறு பக்கம்தான் ஏர்லைன்ஸ் வரும். மீதி எல்லாம் நமக்குத் திறந்திருக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த மீதியில பாதி இடத்துல வாடகைக் கார் கிடையாது, ஊபர் ஆப்பைத் திறந்தா காலியான மேப்தான் தெரியும். சில இடத்துல நிலையத்துக்காரங்களே ஒரு பழைய காரை வச்சிருப்பாங்க. பெரும்பாலும் போலீஸ் வேலைல இருந்து ஓய்வு பெற்ற கிரௌன் விக்டோரியா. கூரைத் துணி தலையில வந்து உட்காரும், ஏசி வேலை செய்யாது, ஆனா காசு வாங்க மாட்டாங்க, பெட்ரோல் போட்டுத் திருப்பிக் கொடுத்தா போதும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஓட்டலாம், ராத்திரி வச்சுக்க முடியாது. இறங்கப்போற இடத்துக்கு முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டுக்கங்க. போன் பண்ணாம போனா நடை.

மே 12

இதுவரைக்கும் எல்லாரும் போறதைப் பத்தியே கேட்கிறீங்க. போறது ஒரு பிரச்சினையே இல்லை. வானம் சரியில்லைன்னா போக மாட்டோம், வீட்டுல இருந்து தோசை சாப்பிடுவோம். சின்ன விமானத்தோட எல்லாச் சிக்கலும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான். திரும்பணும். திங்கள் ஆபீஸ், பள்ளிக்கூடம். அப்ப வானம் நம்ம சொல் பேச்சு கேட்காது.

கலிஃபோர்னியா கரையில மே, ஜூன்ல கடல்ல இருந்து தாழ்மேகம் வந்து உட்காரும். வழக்கமா பதினொரு மணிக்குக் கலையும், இருட்டினதும் திரும்ப வரும். வழக்கமான்னு சொன்னதைக் கவனிங்க. சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்குக் குடும்பத்தோட போயிருந்தோம், பிஸ்மோ பீச்ல பிள்ளைங்க மணல்ல ஆடினாங்க, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஞாயிறு காலைல மேகம் நானூறு அடியில நின்னுது. அப்ப எனக்கு கருவியை மட்டும் பார்த்து ஓட்டுற ஐஎஃப்ஆர் ரேட்டிங் கிடையாது, ஆயிரம் அடிக்கு மேல மேகம் ஏறணும். பதினொண்ணுக்கு ஏறும்னாங்க. ஒரு மணிக்கு அறுநூறு. மூணு மணிக்கும் அறுநூறு. மேகத்துக்கு மேல ரெண்டாயிரம் அடியில பளிச்னு வெயில் அடிக்குதுன்னு இறங்கி வர்ற பைலட்டுங்க ரேடியோவுல சொல்றாங்க. பெரிய பொண்ணுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை.

நாலு மணிக்கு ஒருவழி வாடகைக்குக் கார் எடுத்தோம். 101ஆம் நம்பர் ஹைவேல மூணு மணி நேரம், வீட்டுக்கு வந்தாச்சு. வழியில பாசோ ரோபிள்ஸ் தாண்டினதும் மேகம் இல்லாம சுத்தமா இருந்துச்சு, அதைப் பத்தி யாரும் எதுவும் பேசலை. விமானம் அங்கேயே நின்னுது. கிளப்ல ஒரு நாள் வெளியே வச்சா குறைஞ்சது ரெண்டு மணி நேர வாடகை கட்டணும், பறந்தாலும் பறக்கலைன்னாலும். மறு வாரம் நண்பர் ஒருத்தர் தன் விமானத்துல என்னைக் கொண்டு போய் விட்டார், நான் அதை எடுத்துட்டு வந்தேன். அந்த வாரக்கடைசிக்கு ஆன செலவை நான் கூட்டிப் பார்க்கலை. மனைவி கூட்டிட்டா.

அதனால என் விதி இது. எந்தப் பயணத்துக்கும் திரும்புறதுக்கு இன்னொரு வழி, ரெண்டு நாள் அவகாசம், அதுக்கான காசு மூணும் இருந்தா மட்டும் சின்ன விமானம். ஒண்ணு இல்லைன்னாலும் காரை எடு. கல்யாணம், இன்டர்வியூ, பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போறதுன்னா விமானச் சாவியைக் கையிலயே தொடாதே. “நேரம் நிறைய இருந்தா வான்வழி போ”ன்னு பழைய பைலட்டுங்க கிண்டலாச் சொல்றது இதைத்தான்.

மே 13

“ஐஎஃப்ஆர் எடுத்துட்டா இந்தத் தொல்லை இல்லையே சார்?”

எடுத்தேன். தாழ்மேகம் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்துச்சு, ஆயிரத்து ஐந்நூறு அடி பால்வெள்ளைக்குள்ள போய் மேல வந்துடலாம். ஆனா குளிர்காலத்துல சியாரா மலைத்தொடர் பக்கம் மேகத்துக்குள்ள பனி ரெக்கையில ஒட்டும், 172ல அதைக் கரைக்க எதுவும் கிடையாது. டிசம்பர், ஜனவரியில மத்தியப் பள்ளத்தாக்குல டூலி மூடுபனி நாள்கணக்கா நிக்கும், அதுல இறங்கவே முடியாது. ரேட்டிங்குக்குக் கருவிப் பயிற்சி மட்டும் 40 மணி நேரம், அதுபோக பொறுப்பு பைலட்டா ஊர்விட்டு ஊர் பறந்தது 50 மணி நேரம் இருக்கணும். எடுத்த பிறகும் ஆறு மாசத்துக்குள்ள ஆறு தடவை கருவியைப் பார்த்து இறங்கி வந்திருக்கணும், இல்லைன்னா கைவசம் இருந்தும் செல்லாது.

மே 19

ஆபத்து பத்திக் கேட்டவர், கொஞ்சம் கோபமா, “பிள்ளைகளை வச்சுக்கிட்டு எப்படி?”ன்னு. கேட்கவேண்டிய கேள்விதான்.

சின்ன விமானத்துல லட்சம் மணி நேரம் பறந்தா சுமார் ஒரு உயிர்ச்சேத விபத்து, இது அமெரிக்கக் கணக்கு. கார்ல பத்து கோடி மைலுக்கு ஒண்ணேகால் சாவு. மைல் கணக்கை மணிக் கணக்கா மாத்திப் பார்த்தா, 172ல ஒரு மணி நேரம் உட்கார்றது அமெரிக்க ரோட்டுல ஒரு மணி நேரம் மோட்டார் பைக் ஓட்டுறதுக்குப் பக்கத்துல வருது. ஏர்லைன்ஸ் கிட்ட கூட வர முடியாது. “ரோட்டைவிட வானம் பாதுகாப்பு”ங்கிற வசனம் ஏர்லைன்ஸுக்கு மட்டும்.

ஆனா பைக்ல எதிர்ல வர்றவன் குடிச்சிருந்தா நாம ஒண்ணும் செய்ய முடியாது. இங்க பெரும்பாலும் ஓட்டுறவன் கையிலதான் இருக்கு. பெட்ரோல் தீர்றது, கண்ணுக்குத் தெரியாத வானத்துக்குள்ள போறது, வீட்டுக்குப் போயே ஆகணும்கிற பிடிவாதம். 1954ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேரை வெளியே தெரியாதபடி மறைச்சு ஓட்ட வச்சாங்க. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தாங்க, சராசரி 178 வினாடியில. மூணு நிமிஷம் கூட இல்லை. காது ஒண்ணு சொல்லும், உடம்பு ஒண்ணு சொல்லும், விமானம் வேற ஒண்ணு செய்யும்.

ரேட்டிங் இருந்தா தப்பிச்சோம்னும் இல்லை. 2020 ஜனவரி 26, கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் போன ஹெலிகாப்டர் கலபாசாஸ் மலைல மோதி ஒன்பது பேர் போனாங்க. ஓட்டினவர் தொழில்முறை பைலட், கருவி ரேட்டிங் உள்ளவர். தாழ்மேகத்துக்குக் கீழேயே போக முயற்சி பண்ணி, மேகத்துக்குள்ள போய், திசை குழம்பிட்டார்னு விசாரணை சொல்லுச்சு. நான் லாஸ் ஏஞ்சல்ஸ் போகும்போதெல்லாம் அந்த மலையைப் பார்க்கிறேன்.

பிள்ளைங்களை ராத்திரி ஏத்துறதில்லை. மலை மேல மதியத்துக்கு அப்புறம் ஏத்துறதில்லை. இது சட்டம் இல்லை, எங்க வீட்டு ஒப்பந்தம். அதுக்கு மேல உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை.

மே 20

ஆயுள் காப்பீடு எடுக்கிறதுக்கு முன்னாடி “விமானம் ஓட்டுவீர்களா”ங்கிற கட்டத்தைப் படிங்க. நிறைய பாலிசியில அந்த ஒரு டிக் மாதக் கட்டணத்தைக் கூட்டும், சிலதுல பறக்கும்போது செத்தா ஒண்ணும் கிடையாது.

ஜூன் 2

தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவுல ஒரு தம்பி, “சனிக்கிழமை மான்டரே பறக்கிறேன், சீட் ஒண்ணு காலி, 80 டாலர்”னு போட்டதா ஒருத்தர் சொன்னார். அந்தத் தம்பி இதைப் படிச்சா: எடுத்துடுப்பா.

தனியார் பைலட் கூட வர்றவங்ககிட்ட செலவைப் பங்கு போடலாம். ஆனா உன் பங்கு குறைஞ்சது சமமா இருக்கணும். நாலு பேர்னா கால்வாசி உன்னோடது. பங்குல வாடகை, பெட்ரோல், ஆயில், நிலையக் கட்டணம் மட்டும்தான் வரும். எல்லாருக்கும் அங்க போக ஒரு காரணமும் இருக்கணும். பொதுவுல சீட் இருக்குன்னு அறிவிச்சா அது ஏர்லைன்ஸ் நடத்துற மாதிரி. ஃப்ளைட்நவ்னு ஒரு கம்பெனி இணையத்துல இதையே செஞ்சுது. அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏ தடுத்தப்போ வழக்குக்குப் போய், 2015ல தோத்துச்சு. இருநூறு பேர் குழு நண்பர்கள் குழு இல்லை, அதுல பாதிப் பேர் உன் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க.

ஜூன் 3

ரீட்-ஹில்வியூ பக்கத்துல குடியிருக்கிற ஒருத்தர் எழுதியிருக்கார். “உங்க கணக்குல எங்க பிள்ளைங்க இரத்தத்துல போற ஈயம் எங்க?”

இல்லை, அதை நான் போடலை. இந்த எஞ்சின்கள் குடிக்கிற பெட்ரோல்ல இன்னும் ஈயம் இருக்கு. கார்ல நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு. ரீட்-ஹில்வியூ சுத்தி வீடும் பள்ளிக்கூடமும்தான். கவுன்ட்டி ஆய்வு செய்ய வச்சு, 2022 ஜனவரி 1ல இருந்து தன்னோட ரெண்டு நிலையத்துலயும் ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்திடுச்சு. அப்ப அங்க கிடைச்சது ஈயம் இல்லாத 94 ஆக்டேன் பெட்ரோல். 172க்கு ஒத்துக்கும், அழுத்தம் கூடின பெரிய எஞ்சினுக்கு ஒத்துக்காது. அதனால பெரிய விமானக்காரங்க பக்கத்து நிலையத்துல நிரப்பிட்டு உங்க கூரைக்கு மேலதான் வந்து இறங்கினாங்க. நான் அங்க ஈயம் இல்லாததைத்தான் போடுறேன், ஆனா ஊர்ப் பயணத்துல இறங்குற இடத்துல என்ன இருக்கோ அதுதான் கிடைக்கும். உங்க கேள்விக்கு இது முழுப் பதில் இல்லைன்னு தெரியும்.

ஜூன் 15

“வாடகைக்கு ஏன், சொந்தமா வாங்கிட்டா?” புது 172 நாலு லட்சம் டாலருக்கு மேல. அதனாலதான் எல்லாரும் 1970கள்ல செஞ்சதை ஓட்டுறோம். செஸ்னா வழக்குச் செலவுக்குப் பயந்து 1986ல சின்ன விமானம் செய்யறதையே நிறுத்திடுச்சு. 1994ல சட்டம் மாத்தின பிறகு, 96லதான் திரும்ப ஆரம்பிச்சுது. என்னைவிட வயசான விமானத்துல நான் கத்துக்கிட்டேன்.

வருஷம் நூறு மணி நேரம் பறக்கிறவருக்குத்தான் சொந்தம் லாபம். நிறுத்துற இடத்து வாடகை, காப்பீடு, வருஷாவருஷம் பிரிச்சுப் பார்க்கிற சோதனை எல்லாம் பறக்காம நின்னாலும் ஓடும். நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்குறது நல்ல வழி. ஆனா நாலு பேருக்கும் அதே நன்றி தெரிவித்தல் நாள் வாரக்கடைசிதான் வேணும்.

சிரஸ் எஸ்ஆர்22ங்கிற வேகமான சின்ன விமானம் பத்தியும் கேட்டீங்க: வேகம் 170 நாட்டுக்கு மேல, விமானத்துக்கே பாராசூட், ஆமா நல்லா இருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒன்றரை மணி நேரத்துல. வாடகை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சொன்னேனே, பறக்கிற நேரம் குறையும், கயிறு கட்டுற நேரம் குறையாது.

ஜூன் 22

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அண்ணன்: “நம்ம ஊர்ல இது நடக்குமா?” இங்க வானம் நல்லா இருந்தா யாருக்கும் சொல்லாமலே பாதி கலிஃபோர்னியா தாண்டலாம். அங்க ஒவ்வொரு பயணத்துக்கும் திட்டம் கொடுத்து, விமானத் தகவல் மையத்தோட எஃப்ஐசி எண்ணும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்கணும். இந்தச் சின்ன எஞ்சினுக்கான பெட்ரோலும் அங்க எல்லா நிலையத்துலயும் கிடைக்காது. சென்னைக்கு வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள்ள வந்துடுதே அண்ணே.

ஜூலை 7

யாரோ கேட்டாங்க, லைசென்ஸ் வாங்கிட்டு வருஷத்துக்கு ரெண்டு பயணம் மட்டும் போகலாமான்னு. முடியாது. ஆள் ஏத்தணும்னா முந்தின 90 நாளுக்குள்ள மூணு தடவை ஏறி இறங்கியிருக்கணும். அது சட்டத்துக்கு. கைக்கு அது பத்தாது, மாசம் ரெண்டு தடவையாவது பறக்கணும், எங்கயும் போக வேண்டிய வேலை இல்லைன்னாலும். அப்படிக் காரணம் இல்லாம பறக்கிறதுக்குக் காரணம் கொடுக்கத்தான் பைலட்டுங்க சாப்பிடப் போறாங்க, நூறு டாலர் ஹேம்பர்கர்னு அதுக்குப் பேர். நூறு டாலர் பழைய விலை.

நான் போறது 5ஆம் நம்பர் ஹைவே ஓரத்துல, கோலிங்கால இருக்கிற ஹாரிஸ் ராஞ்ச். ரன்வே 30 அடி அகலம்தான், எங்க தெருவைவிடக் குறுகல், அதனால இறங்கும்போது இன்னும் உயரத்துல இருக்கிற மாதிரியே கண்ணு ஏமாத்தும், நல்ல பயிற்சி. இறங்கி நடந்தா அஞ்சு நிமிஷத்துல ஹோட்டல். மாட்டுக்கறிக்குப் பேர் போன இடம். என் கூட வர்ற நண்பர் சுத்த சைவம். அவர் ஒவ்வொரு தடவையும் வேகவச்ச உருளைக்கிழங்கு வாங்கி, சட்டைப்பையில இருந்து பருப்புப்பொடி பொட்டலத்தை எடுக்கிறார். பரிமாறுற அம்மாவுக்கு இப்ப பழகிடுச்சு, கேட்காமலே வெண்ணெய் கூட வைக்கிறாங்க.